மூன்றாவது மாடிக்கு வரும் காக்கை போதும்

(கேளுங்கள், சொல்கிறேன்: வாசகர் பகுதி)

சின்னப் பிள்ளைகளுக்குச் சுற்றுப்புறத்தைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், தோட்டம் கிடையாது. பறவைப் படம் போட்ட அட்டைகள் வாங்கிக் கொடுத்தேன், எல்லாப் பெயரையும் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் பால்கனிக் கம்பியில் மைனா வந்து உட்கார்ந்தால் "அம்மா, ஏதோ குருவி" என்கிறாள். எங்கே தப்பு?
– ஒரு வாசகி, தாம்பரம்

தப்பெல்லாம் ஒன்றுமில்லை. அட்டையில் இருக்கிற மைனா அசையாது, கத்தாது, எப்போதும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். கம்பிக்கு வந்த மைனா அரை நிமிஷம்கூட நிற்காது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ரெண்டும் வேறு வேறு சமாச்சாரம். அந்த அட்டைகளைக் கொஞ்ச நாள் பீரோ மேலே எடுத்து வையுங்கள்.

தோட்டம் இல்லை என்கிறீர்கள், சரி. காக்கை வருமல்லவா? அமாவாசைக்கு மட்டும் சோறு வைக்காமல் தினமும் ஒரே நேரத்தில் ஒரு பிடி வையுங்கள், ஜன்னலுக்கு உள்ளே அவளை உட்கார வையுங்கள். "இது காக்கா, கறுப்பா இருக்கும்" என்று பாடம் ஆரம்பித்துவிடாதீர்கள், அது அவளுக்கே தெரியும். "இன்னிக்கு வந்ததும் நேத்து வந்ததும் ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றுதான் என்பாள். சில நாளில், ஒன்றுக்குக் கழுத்து சாம்பல் நிறமாக இருக்கிறது, இன்னொன்று முழுக் கறுப்பு, அதற்கு மூக்கும் தடிமன் என்று சொல்லுவாள். ஒன்று வீட்டுக் காக்கை, மற்றது அண்டங்காக்கை. அவளாகப் பிரித்துப் பார்த்த பிறகு பெயரைச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பெயர் மறக்காது. பெயரை முதலில் கொடுத்துவிட்டால் பல பிள்ளைகளுக்குப் பார்க்கிற வேலை அங்கேயே முடிந்துபோகிறது, பதில் தெரிந்துவிட்டது என்று அடுத்ததுக்கு ஓடிவிடுகிறார்கள்.

அடுத்து, தரையில் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். நடக்கிறதா, தத்துகிறதா? மைனா நடக்கும், சிட்டுக்குருவி தத்தும், காக்கை ரெண்டும் செய்யும். இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். அவள் ஓடி வந்து சொல்லும்போது "அப்படியா!" என்று கேட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் நடித்தாலும் பரவாயில்லை.

காக்கை அலுத்துவிட்டால் ஒரு தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வையுங்கள். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். மூன்றாவது மாடி என்றாலும் பட்டாம்பூச்சி எப்படியோ தேடி வந்து தளிரில் கடுகைவிடச் சின்னதாக ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். தின்ன வருகிற பறவையை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ரெண்டு கிளையாக ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும், பிள்ளைகளுக்கு அதில் அலாதிச் சந்தோஷம் (ஒரு தடவை போதும், பாவம்). பிறகு தின்பதை நிறுத்திவிட்டு, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். ஒட்டிய இடத்தைப் பொறுத்துக் கூடு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதக் கதை. ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்: சில கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவி வெளியே வரும், தாய்க் குளவி வைத்த முட்டையிலிருந்து உள்ளேயே வளர்ந்த குளவி அது. அழுவாள். அழட்டும், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இயற்கை என்றாலே முதுமலைக்கோ வேடந்தாங்கலுக்கோ போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு மா. கிருஷ்ணனைத்தான் சொல்வேன். சென்னையில் வாழ்ந்தவர், 1950-இல் தொடங்கி 1996-இல் காலமாகும் வரை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். காட்டுக்குப் போய் யானையைப் பார்த்து எழுதியவர்தான், ஆனால் வீட்டைச் சுற்றித் திரிகிற காக்கையையும் அணிலையும் ஓணானையும் அதே அக்கறையோடு எழுதினார், கையால் வரைந்தும் போட்டார்.

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், வளாகத்தில் ஒரே ஒரு வேப்ப மரம். வெளியே கூட்டிப்போனால் மூலைக்கு ஒருவராக ஓடுகிறார்கள். தலைமையாசிரியர் "விளையாடவா கூட்டிட்டுப் போறீங்க?" என்கிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

டீச்சர், நாற்பது பிள்ளைகளிடம் "போய் இயற்கையைப் பாருங்கள்" என்றால் ஓடத்தான் செய்வார்கள். எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்றே அவர்களுக்குத் தெரியாது. பார்க்கிற இடத்தைச் சுருக்கிக் கொடுங்கள். வீட்டில் போடாமல் கிடக்கிற பிளாஸ்டிக் வளையல்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரெண்டு பேருக்கு ஒரு வளையல். மரத்தடியில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வளையலுக்குள்ளே இருப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும், எதையும் பிடுங்கக் கூடாது, பத்து நிமிஷம். அவ்வளவுதான் விதி. உள்ளே வந்ததும் ஒவ்வொரு ஜோடியும் கண்டதைச் சொல்லட்டும். காய்ந்த இலைக்காம்பு, வேப்பங்கொட்டை, ஒரு எறும்பு, சாக்லேட் காகிதம், "ஒண்ணுமே இல்ல டீச்சர், மண்ணுதான்". அந்த மண்ணுதான் என்ற ஜோடியை அடுத்த வாரம் அதே இடத்துக்கே அனுப்புங்கள். எல்லோரையும்தான். ஒரு கல்லில் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைத்துவிட்டால் இடம் மாறாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் போன வாரம் இருந்தது இன்றைக்கு இல்லை என்கிற சமாச்சாரமே பிள்ளைக்குப் புரிய ஆரம்பிக்கும். வாரத்துக்கு ஒரு புது இடம் காட்டினால் எல்லாமே வேடிக்கையாகப் போய்விடும்.

அப்புறம் அந்த வேப்ப மரம். ஒரே ஒரு மரம்தான் என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கென்னவோ அது நல்லதாகப் படுகிறது. சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, தளிர், முற்றிய இலை, பூ, காய், பழம் என்று கட்டம் போடுங்கள். வாரம் ஒரு நாள், முடிந்தால் அதே கிழமையில், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் "இல்லை", "கொஞ்சம்", "நிறைய" என்று பிள்ளைகளே முடிவு செய்து எழுதட்டும். எண்ணத் தேவையில்லை, ஏழு வயதுக்கு இந்த மூன்று வார்த்தை போதும். "கொஞ்சமா நிறையவா" என்று சண்டை வரும், வரட்டும், சண்டையைத் தீர்க்க மறுபடி மேலே பார்த்துத்தானே ஆக வேண்டும். மாசி, பங்குனியில் இலை கொட்டிச் செம்பு நிறத்தில் தளிர் வருவதும், சித்திரை வருஷப் பிறப்புப் பச்சடிக்குச் சரியாகப் பூ விழுவதும், ஆனி ஆடியில் பழத்துக்குக் காக்கையும் மைனாவும் குயிலும் வந்து மொய்ப்பதும், கீழே விழுந்த கொட்டை மழைக்குப் பிறகு முளைத்து நிற்பதும் அந்தச் சார்ட்டிலேயே வந்துவிடும். சீசன்வாட்ச் என்று நாடு முழுக்க நடக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது, இதே முறையில் மரங்களைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள், பள்ளிகளும் சேரலாம். சேராவிட்டாலும் சுவர்ச் சார்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

வரையவும் சொல்லுங்கள், ஆனால் திருத்தாதீர்கள். எறும்பை வரை என்றால் உடம்பு நெடுகக் கால் போடுவார்கள், சிலர் நாலு கால் போடுவார்கள். "தப்பு, ஆறு கால்" என்று சிவப்புப் பேனா எடுக்காமல், "நீ போட்ட மாதிரிதான் இருக்கான்னு இன்னொரு தடவை பார்த்துட்டு வா" என்று அனுப்புங்கள். ஆறு காலும் உடம்பின் நடுப் பகுதியிலிருந்தே புறப்படுகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்துவிட்டால் வகுப்பே குனிந்து பார்க்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மா, கொய்யா மரங்களில் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டுகிற முசுறு எறும்பு இருக்கிற இடத்தில், அச்சு அசல் அதே மாதிரி ஒரு சிலந்தி நடமாடும். முன்னங்கால் ரெண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே போகும். காலை எண்ணினால் எட்டு. காலை எண்ணிப் பழகிய பிள்ளையால்தான் அதைப் பிடிக்க முடியும். (முசுறு நன்றாகவே கடிக்கும், தள்ளி நின்று பார்க்கட்டும்.)

தலைமையாசிரியரிடம் வாக்குவாதம் வேண்டாம். பாடத்திட்டத்திலேயே சூழ்நிலையியல் இருக்கிறது, அந்தப் பிரிவேளையில்தான் போகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து, ஒரே பிள்ளை முதல் வாரம் வரைந்த எறும்பையும் நாலாவது வாரம் வரைந்த எறும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் மேஜையில் கொடுங்கள்.

கேள்வி: பேரன் கண்டதையும் கையில் எடுக்கிறான். மருமகள் பதறுகிறாள், நான் விடு என்கிறேன். வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து. யார் சொல்வது சரி?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

ஐயா, பாதி உங்கள் பக்கம், பாதி மருமகள் பக்கம். மண்புழு, மரவட்டை, நத்தை இதையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். ஆனால் செங்கல், விறகு, தேங்காய் மட்டைக் குவியலுக்குள் கையை விடக் கூடாது என்பது கண்டிப்பு. தேளும் பூரானும் அங்கேதான் இருக்கும், பாம்பும் இருக்கலாம். புரட்ட வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் குச்சியால் புரட்டட்டும், பேரன் நாலடி தள்ளி நிற்கட்டும். கம்பளிப்பூச்சியைத் தொட வேண்டாம், பட்டுவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்தால் முள் வந்துவிடும். எருக்கஞ்செடியில் வரி போட்ட அழகான புழுக்கள் இருக்கும், பார்க்கலாம், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அரளியும் ஊமத்தையும் வாய்க்குப் போகவே கூடாது. செத்துக் கிடக்கிற பறவை, வௌவால் இரண்டையும் தொட வேண்டாம். இந்த நாலைந்தை மருமகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டால் மற்றதுக்கெல்லாம் அவனை விட்டுவிடலாம்.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு எந்தக் கேமரா, எந்த ஆப் வாங்கலாம்? பட்ஜெட் பிரச்சினை இல்லை.
– ஒரு தந்தை, கோவை

பட்ஜெட் பிரச்சினை இல்லை என்பதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கேமரா கையில் இருந்தால் படம் எடுத்த நொடியே பையன் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவான். ஆப் பெயரைச் சொல்லிவிடும், அவன் பார்க்க வேண்டியதை அது பார்த்துவிடும். முதல் வருஷத்துக்கு ஒரு கோடு போடாத நோட்டு, ஒரு பென்சில், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற பூதக்கண்ணாடி ஒன்று. அதில் சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். செல்போன்தான் வேண்டும் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிஷம் நின்று, கண்ட பறவை என்ன, எத்தனை என்று எண்ணி, இபேர்ட் தளத்தில் ஏற்றலாம். எண்ணுவது அவன் வேலை, ஏற்றுவது உங்கள் வேலை.

கேள்வி: ஆறு வயது மகன் தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுகிறான், எறும்பை மிதித்துக் கொல்கிறான். கொடூரமாக வளர்ந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், அறந்தாங்கி

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நூல் கட்டாத பையன் நம் ஊரில் எத்தனை பேர், அவன் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும், திட்டுவதைவிட அவன் கைக்கு வேறு வேலை கொடுத்தால் சீக்கிரம் நிற்கும். தட்டான்களில் பல வகை ஒரே குச்சியின் நுனியில் உட்காரும், கிளம்பிப் போய் ஒரு கொசுவையோ ஈயையோ பிடித்துக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பும். ஒரு குச்சியைக் காட்டி எத்தனை தடவை திரும்பி வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவனுக்கு அது பறந்தாக வேண்டும், நூல் கட்டத் தோன்றாது. மழைக்காலத்தில் மைதானத்தின் மேல் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான், இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் எழுதினார். இதையும் சொல்லுங்கள், ஆறு வயதுக்கு ஆப்பிரிக்கா எங்கே என்று தெரியாவிட்டாலும் கடல் தெரியுமே.

எறும்புக்குக் குழியானை. சுவரோரம், திண்ணைக்குக் கீழே, மழை படாத பொடி மண்ணில் புனல் மாதிரிக் குழி இருக்கும், அடியில் அது புதைந்து கிடக்கும். ஒரு கரண்டி மண்ணோடு எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நடக்கும். டம்ளரில் பொடி மண் போட்டு விட்டால் சுற்றிச் சுற்றிப் பின்னால் போய்ப் புதுக் குழி தோண்டும், உள்ளே எறும்பு சறுக்கினால் மண்ணை வீசி அடித்துக் கீழே தள்ளும். எறும்பைப் பிடித்துப் போடட்டுமா என்பான். வேண்டாம், திரும்பப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, தானாக ஒன்று விழுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பெரிதானதும் தட்டான் போலவே சிறகோடு பறக்கிற பூச்சியாகிவிடும் என்று கடைசியில் சொல்லுங்கள், நம்ப மாட்டான்.

கேள்வி: மகளுக்கு எழுத வராது, வரையவும் பிடிக்காது. "பார்த்ததைக் குறிப்பு எழுது" என்றால் அழுகிறாள். வயது ஆறு.
– ஒரு வாசகி, கரூர்

எழுத வைக்காதீர்கள். விடுகதை போடச் சொல்லுங்கள். "ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்" என்று தேங்காயைச் சொன்னவர் அதை உருட்டி, உடைத்து, குடித்துப் பார்த்தவர்தானே? அவள் பார்த்த ஒன்றை, பெயர் சொல்லாமல், வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிக்கிற மாதிரி ரெண்டு வரியில் சொல்ல வேண்டும். "முதுகில் மூணு கோடு, வாலை ஆட்டும், தலைகீழாக இறங்கும்" என்று அணிலைச் சொல்லுவாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவள் சொன்ன அடையாளம் போதவில்லை என்று அர்த்தம், மறுபடி போய்ப் பார்த்து வருவாள். பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் விசேஷம், பதிலுக்கு அவர் நாலு விடுகதை போடுவார்.

கேள்வி: "ஏன், ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் பத்தாவதுதான் படித்தேன். பகலில் ஏன் நிலா தெரிகிறது என்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. கூகுளில் பார்த்துச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, தென்காசி

சொல்லலாம், ஆனால் ஒரு பதினைந்து நாள் தாமதமாகச் சொல்லுங்கள். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையிலிருந்து ஆரம்பியுங்கள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஒரே இடத்தில் நின்று, நிலா எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தென்னை மரத்துக்கு மேலேயா, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்திலா, என்ன வடிவம்? மேற்கே மெல்லிய கீற்றாக இருந்தது ஒவ்வொரு நாளும் பெருத்துக்கொண்டே கிழக்கே தள்ளிப்போய், பௌர்ணமியன்று சூரியன் இறங்குகிற நேரத்துக்கு நேரெதிரே கிழக்கில் எழும்பும். நிலா நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிஷம் பிந்தி உதிப்பதால் வருகிற கூத்து இது. அதனால்தான் வளர்பிறையில் சாயங்காலத்துக்கு முன்பே வெயிலோடு தெரிகிறது, தேய்பிறையில் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மேற்கே தெரிகிறது. இவ்வளவையும் பார்த்த பிள்ளை உங்களிடம் கேட்கப்போகிற அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

பத்தாவது படித்ததைப் பற்றி வருத்தப்படவே வேண்டாம். "தெரியல, வா பார்ப்போம்" என்று சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை. உச்சி வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டுப் பாருங்கள், படித்தவர்களே வடக்கு என்பார்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்து நட்ட குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும், இடையில் இருக்கிற மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். உங்கள் ஊர் இன்னும் தெற்கே என்பதால் ஏப்ரலில் சில நாள் முன்னாலும் ஆகஸ்டில் சில நாள் பின்னாலும் வரும். வாசலில் ஒரு குச்சி நட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: இதெல்லாம் மார்க்குக்கு உதவுமா?
– பெயரில்லை, ஊரில்லை

முதல் வகுப்புக்கு என்ன மார்க்?

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் இங்கே வெளியே போகவே முடியாது. மழை நாளில் பிள்ளைகளோடு என்ன செய்வது?
– ஒரு வாசகர், கடலூர்

மழையையே அளக்கலாம். பக்கவாட்டில் வளைவு நெளிவு இல்லாத, நேரான பிளாஸ்டிக் பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். வாய்ப் பக்கம் குறுகுகிற இடத்தில் வெட்டி, வெட்டிய மேல் பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனலாகிவிடும். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சைபர் என்று மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு மேலே ஸ்கேலை வைத்துச் சென்டிமீட்டர் கோடுகள். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், காற்றுக்குச் சாயாமல் ரெண்டு செங்கல்லுக்கு நடுவில் வையுங்கள். வானிலைத் துறையின் ஒரு நாள் மழைக் கணக்கு காலை 8.30-க்கு முடிகிறது. நீங்களும் அதே நேரத்துக்குப் பிள்ளையை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், மழையாக இருந்தால் குடையோடு. எழுதிக்கொண்டு, தண்ணீரைச் சைபர் கோடு வரை கொட்டிவிட்டு வர வேண்டும். "கடலூரில் 9 செ.மீ. மழை" என்று பேப்பரில் வருகிற அன்றைக்கு அவள் பாட்டிலில் ஆறுதான் இருக்கும். யார் சொல்வது சரி என்று கேட்பாள். ரெண்டும் சரியாக இருக்கலாம், ஒரே ஊரில் இந்தத் தெருவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மழை வேறுபடும். சந்தேகமாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற அத்தை வீட்டு மாடியிலும் ஒரு பாட்டில் வைக்கச் சொல்லுங்கள்.